எதில் பதினேழு?

சமுதாயக் கல்லூரியில் நான் சேர்ந்தது டாலி என்கிற கணக்கு மென்பொருளுக்காகத்தான். உரக்கடையில் கணக்கு எழுதுகிறவள் கையில் டாலி சான்றிதழ் ஒன்று இருந்தால், இந்தக் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை என்று ஒரு தெம்பு. கணக்குப்பதிவியல் பட்டயம், ஒரு வருடம். சனிக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வகுப்பு. வயது கேட்க மாட்டார்கள். பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகுதான் பாடப் பட்டியலை ஒழுங்காகப் படித்தேன். டாலி, ஜிஎஸ்டி, ஆங்கிலப் பேச்சு, அதற்கு அடுத்த வரியில் ‘அடிப்படை இயற்கணிதம்’.

“இது எதுக்கு மேடம் எங்களுக்கு?” என்று அலுவலகத்தில் கேட்டேன்.

“பொதுப் பாடம்மா அது. பாஸ் மார்க் எடுத்தா போதும், பயப்படாதீங்க.”

பயமெல்லாம் இல்லை. பத்தாம் வகுப்போடு கணக்குப் பாடத்தை விட்டவள் நான். பிளஸ் ஒன்னில் வரலாறும் வணிகவியலும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஆகிறது, வாய்க்கணக்கில் என்னை அடிக்க எங்கள் கடைத்தெருவில் ஆள் கிடையாது. கால்குலேட்டரைத் தட்டுகிற நேரத்தில் நான் சில்லறையே கொடுத்து முடித்திருப்பேன். அதனால், இதில் போய் எக்ஸ் ஒய் என்று உட்காரணுமா என்ற சலிப்புதான்.

இப்போது நிலைமை தலைகீழ். டாலி வகுப்பில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை, நாள் முழுக்க அதைத்தானே தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இயற்கணிதத்துக்குத்தான் சமையலை முடித்துவிட்டு ஓடுகிறேன். மன்னார்குடியிலிருந்து வருகிற கும்பகோணம் பஸ்ஸை நீடாமங்கலத்தில் பிடிக்க வேண்டும். ரயில்வே கேட் சாத்திவிட்டால் பஸ் எப்போது இந்தப் பக்கம் வரும் என்று கேட்கீப்பரைத் தவிர யாருக்கும் தெரியாது. தீபாவளி சமயத்தில் வலங்கைமானில் பட்டாசு வாங்க வருகிற கூட்டம் வேறு. ஒருநாள் பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே வீட்டுப்பாடத்தில் இரண்டு கணக்கு முடித்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்கா போடுறீங்க?” என்றார். இல்லை, எனக்குத்தான் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

வகுப்பு ஒரு கல்லூரி வளாகத்தின் பின்பக்கக் கட்டடத்தில். பாத்திரக் கடைப் பையன் ஒருவன், ஐடிஐயைப் பாதியில் விட்ட இருவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், திருபுவனத்தில் பட்டுத் தறி போடுகிற வீட்டு மருமகள், இன்னும் சிலர். நான் வகுப்பிலேயே மூத்தவள் இல்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். ராணுவத்துக்காரர் காப்பாற்றினார்.

கணக்கு சார் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில் கணக்கு வகுப்பு என்றால் ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு, டவுன் ஹைஸ்கூல் என்று சாரும் ஆரம்பித்தார். இதே ஊர் அரசுக் கல்லூரியில் அவர் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்ததைச் சொன்னதும் பாத்திரக் கடைப் பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அவரே ஃபெயிலா சார்? அப்ப நமக்கென்ன?” சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அவரு கணக்குக்காக மத்ததை விட்டாரு. நீ எதுக்காகக் கணக்கை விட்ட?” அதற்குப் பிறகு ராமானுஜன் பேச்சு வகுப்பில் வரவில்லை.

சார் போட்ட முதல் சட்டம், வகுப்பில் யாரும் ‘அந்தப் பக்கம்’ என்று சொல்லக் கூடாது. சொன்னவர் பலகையைத் துடைக்க வேண்டும்.

பலகையில் 3எக்ஸ் + 7 = 25 என்று எழுதினார். ஐடிஐ பையன் எழுந்து, நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தான். “ஏழை அந்தப் பக்கம் கொண்டு போனா மைனஸ் ஏழு சார்.”

“ஏன் மைனஸ் ஆச்சு?”

“அந்தப் பக்கம் போனா மைனஸ்தான் சார்.”

“அதான் கேக்குறேன். இங்க இருக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு. போற வழியில அதுக்கு என்ன ஆச்சு?”

வகுப்பு சிரித்தது. பையன் துடைப்பானை எடுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கும் பதில் தெரியாது. பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கிய கணக்குதான், ஆனால் அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. ஏழு எங்கேயும் போகவில்லை என்றார் சார். இடதுபக்கத்தில் ஏழைக் கழித்தோம், அப்படியானால் வலதுபக்கத்திலும் ஏழைக் கழித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற சமக்குறி பொய் சொல்கிறது. 3எக்ஸ் = 18. இரண்டு பக்கத்தையும் மூன்றால் வகு. எக்ஸ் 6.

பற்று வைத்தால் வரவும் வைக்க வேண்டும் என்பது எனக்குக் கையில் ஊறிய விஷயம். ஒரு பக்கம் மட்டும் பதிந்துவிட்டு எழுந்தால் மாலையில் கணக்கு ஒட்டாது. இயற்கணிதமும் அந்த நேர்மையைத்தான் கேட்கிறது என்று அன்றைக்குப் பிடிபட்டது. அதிலிருந்துதான் எனக்கு இந்த வகுப்பு பிடிக்க ஆரம்பித்தது.

கொஞ்ச நாள் கழித்து, அவரவர் வேலையிலிருந்து ஒரு கணக்கு கொண்டு வரச் சொன்னார். நான் கடைக் கணக்கைக் கொண்டு போனேன். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி மூட்டை 1,350 ரூபாய். ஒருவர் இரண்டும் சேர்த்து 5 மூட்டை எடுத்திருக்கிறார், ரசீது நனைந்து வந்தது, மொத்தம் 3,499.50 என்பது மட்டும் தெரிகிறது. எது எத்தனை?

வகுப்பு எக்ஸ் ஒய் எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் சொல்லிவிட்டேன், மூணு யூரியா, ரெண்டு டிஏபி. எப்படி என்று கேட்டார். அஞ்சுமே யூரியா என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,332.50 ஆகும். ரசீதில் அதைவிட 2,167 ரூபாய் கூட இருக்கிறது. ஒரு யூரியாவை டிஏபியாக மாற்றினால் 1,083.50 கூடும். 2,167-இல் அது இரண்டு தடவை போகும். ஆக இரண்டு டிஏபி.

சார் அதையே எக்ஸ் + ஒய் = 5, 266.50 எக்ஸ் + 1,350 ஒய் = 3,499.50 என்று பலகையில் எழுதிக் காட்டினார். முதல் சமன்பாட்டை 266.50-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தார். இடையில் வந்த எண்கள் எல்லாம் நான் சொன்ன அதே எண்கள். 1,332.50, 2,167, 1,083.50. “இவங்க வாயால செஞ்சதைத்தான் நாம எழுதுறோம்” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்வியில் அது இறங்கிவிட்டது. “பொட்டாஷும் சேர்ந்து வாங்கியிருந்தா?” அஞ்சுமே யூரியா என்று ஆரம்பிக்கலாம், ஆனால் கூடுதலை எந்தச் சரக்குக்குப் பங்கு வைப்பது? இரண்டு தகவலை வைத்துக்கொண்டு மூன்று பேரைத் தேட முடியாது, இன்னொரு தகவல் வேண்டும் என்பது எழுதிப் பார்த்தால் உடனே தெரிகிறது. வாய்க்கணக்கில் அது தெரியவே தெரியாது, தலைதான் சுற்றும்.

என் வாய்க்கணக்கு எல்லாம் கடையில் எனக்கு முன்னால் இருந்த கணக்குப்பிள்ளை சொல்லிக் கொடுத்த சூத்திரங்கள். ஏக்கருக்கு ஒரு டிஏபி, ரெண்டேகால் யூரியா என்பார். யூரியா மூட்டை அப்போது 50 கிலோ. 2018-இல் மூட்டை 45 கிலோவாகக் குறைந்ததும் முதலாளி அதை ரெண்டரை என்று மாற்றினார். ஏன் ரெண்டரை என்று கேட்டால், முன்னாடி ரெண்டேகால், அதான். இப்போது உட்கார்ந்து பார்த்தேன். காவிரிப் படுகைக்கு நெல்லுக்கான பரிந்துரை ஹெக்டேருக்கு தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ. ஏக்கருக்கு 60, 20, 20. 50 கிலோ டிஏபி மூட்டை ஒன்றில் மணிச்சத்து 46 சதவீதம், அதாவது 23 கிலோ. தேவைக்கு மேல் கொஞ்சம். அதோடு 18 சதவீதம் தழைச்சத்தும் வருகிறது, 9 கிலோ. பாக்கி 51 கிலோ தழைச்சத்தை யூரியா கொடுக்க வேண்டும். யூரியாவில் 46 சதவீதம். 0.46 × எக்ஸ் = 51. எக்ஸ் சுமார் 111 கிலோ. ரெண்டேகால் பழைய மூட்டை என்றால் 112.5 கிலோ. ரெண்டரை புது மூட்டை என்றாலும் 112.5 கிலோ. கணக்குப்பிள்ளை கணக்கும் சரி, முதலாளி கணக்கும் சரி.

ஆனால் டிஏபி தட்டுப்பாடு வருகிற சமயத்தில் ஜனங்கள் இருபதுக்கு இருபது காம்ப்ளக்ஸ், அதாவது தழைச்சத்தும் மணிச்சத்தும் 20 சதவீதம் வீதம் கலந்த உரம், எடுத்துப் போவார்கள். “யூரியா அதே ரெண்டரைதானேம்மா?” என்று கேட்பார்கள். முன்னெல்லாம் முதலாளியைக் கை காட்டிவிடுவேன். சூத்திரத்தில் அதற்கு வழி இல்லை. இப்போது ரசீது புத்தகத்தின் ஓரத்திலேயே போட்டுவிடலாம். மணிச்சத்து 20 கிலோ வேண்டும், காம்ப்ளக்ஸில் 20 சதவீதம், ஆக 100 கிலோ, இரண்டு மூட்டை. அதிலேயே தழைச்சத்து 20 கிலோ வந்துவிடுகிறது. பாக்கி 40. 0.46 × எக்ஸ் = 40, எக்ஸ் 87 கிலோ. இரண்டு மூட்டைக்கும் கீழே. அரை மூட்டைக்கு மேல் குறைத்துத்தான் போட வேண்டும். பழையபடி ரெண்டரை போட்டால் பயிர் கருகருவென்று வரும், பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வாங்க நம் கடைக்கே வருவார்கள். கடைக்கு லாபம்தான். இதை இங்கே எழுதுகிறேன் என்று முதலாளிக்குத் தெரியாது.

சித்தி மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். நான் இந்த வகுப்புக்குப் போகிறேன் என்றதும், “அக்கா, நானும் அதேதான் படிச்சேன், அதே பேரு!” என்று வாட்ஸ்ஆப்பில் குதித்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நர்ஸிங் படிக்க அங்கே சமுதாயக் கல்லூரிக்குப் போனாளாம். நம் நாட்டில் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-லேயே வந்துவிட்டது. சேரும்போதே ஒரு தேர்வு வைத்து இவளை அடிப்படை இயற்கணிதத்தில் போட்டார்கள். அது கல்லூரிக் கணக்கிலேயே சேராது, பட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதை முடித்தால் இடைநிலை இயற்கணிதம், அதையும் முடித்தால்தான் புள்ளியியல். அந்தப் படிகளில் பாதியிலேயே நின்றுபோனவர்கள் ஏராளம். அதனால் 2017-இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டு, பிள்ளைகளை இந்த மாதிரி முன்வகுப்புகளில் தள்ளாதே, நேராக மேல் வகுப்பில் உட்கார வை, தேவைப்பட்டால் கூடவே உதவி வகுப்பு கொடு என்று சொல்லிவிட்டார்களாம்.

பதினெட்டு வயதில் பட்டத்துக்காக ஓடுகிற பிள்ளைகளுக்கு அதுதான் நியாயம். மூன்று படி ஏறுவதற்குள் காசும் போய் ஆசையும் போய்விடும். எனக்கோ எந்தப் பட்டத்துக்கும் அவசரமில்லை. என்னை நேராகப் புள்ளியியலில் உட்கார வைத்திருந்தால் அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே இன்னொரு சான்றிதழ் வாங்கியிருப்பேன்.

இனி பெரியண்ணன் வீட்டு நெல் விவகாரம். உண்மையில் இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

அண்ணனுக்கு 9 மா நிலம். 20 மா ஒரு வேலி என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், 9 மா கிட்டத்தட்ட 3 ஏக்கர். குறுவைக்கு அம்பை 16 ரக நெல் போட்டிருந்தார். ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு வெயில் நாளில் மிஷின் விட்டு அறுத்து, டிராக்டரோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். நெல் மட்டும் 6,000 கிலோ, 40 கிலோ சிப்பமாக 150. கொள்முதல் நிலையத்தில் சாம்பிள் எடுத்து மிஷினில் போட்டால் ஈரம் 22 சதவீதம். 17-க்கு மேல் எடுக்க முடியாது, காயவைத்து எடுத்து வாருங்கள் என்றார்கள். அது விதி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

களத்தில் கொட்டி, மழை வரும்போதெல்லாம் படுதா போட்டு மூடி, வெயில் தலை காட்டும்போதெல்லாம் கிளறி, ஒருவழியாக மிஷின் 17 காட்டியது. ராத்திரிக் காவலுக்கு எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பெரியவர் ஒருவரை வைத்திருந்தார்கள். எடை போட்டால் 140 சிப்பம், அதற்கு மேல் ஒரு சாக்கில் உத்தேசமாக 20 கிலோ.

அண்ணன் கணக்கு இப்படி. 22-லிருந்து 17, அஞ்சு பர்சண்ட் போகும். 150-க்கு அஞ்சு பர்சண்ட் ஏழரை. 142½ வர வேண்டும். இரண்டு சிப்பம் காணவில்லை. 2025-26 பருவத்தில் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், ஆக சிப்பம் ஆயிரம் ரூபாய். இரண்டாயிரம் ரூபாய் நெல்லைக் களத்திலிருந்து யார் அள்ளியிருப்பார்? ராத்திரி அங்கே படுத்திருந்தது யார்?

நான் போனபோது பெரியவர் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். துண்டு கையில் இருந்தது. அண்ணன் நேரடியாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் கூலியையும் கொடுக்கவில்லை. “பாத்துட்டுத் தரேன்” என்றார். எதைப் பார்ப்பது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணி உள்ளேயிருந்து காபி கொண்டு வந்து என்னிடம் மட்டும் கொடுத்தார்.

“அண்ணே, 22 பர்சண்ட்டுன்னா எதுல 22?” என்றேன்.

“நெல்லுலதான். வேற எதுல?”

“எந்த நெல்லுல? காயறதுக்கு முன்னாடி இருந்த நெல்லுலயா, காஞ்ச பிறகா?”

“முன்னாடி. 6,000 கிலோவுல.”

“சரி, 17?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் நெல்லுலதான்.”

“எந்த நெல்லுல அண்ணே?”

இதுதான் விஷயம். 22 என்பது 6,000 கிலோவில். 17 என்பது காய்ந்த பிறகு இருக்கிற எடையில். அந்த எடை எவ்வளவு என்று இன்னும் தெரியாது. ஒன்று ஒரு மொத்தத்தில், மற்றது வேறொரு மொத்தத்தில், இரண்டையும் கழித்து அஞ்சு என்று எப்படிச் சொல்வது? வாயால் சொல்லும்போது இது கண்ணில் படாது. எழுத உட்கார்ந்தால், 17 சதவீதம் என்று எழுதினதும் ‘எதில்?’ என்று பேனா நிற்கும். எக்ஸில் என்று எழுதியே ஆக வேண்டும்.

அண்ணியின் பால் கணக்கு நோட்டை வாங்கி எழுதினேன். 6,000 கிலோவில் தண்ணீர் 1,320. பாக்கி 4,680 கிலோ நெல்லின் உடம்பு. வெயில் தண்ணீரைத்தான் எடுக்கும், உடம்பைத் தொடாது. காய்ந்த பிறகு மொத்த எடை எக்ஸ். அதில் 17 பங்கு தண்ணீர் என்றால் 83 பங்கு உடம்பு. அந்த உடம்பு அதே 4,680 தான். 0.83 × எக்ஸ் = 4,680. இரண்டு பக்கத்தையும் 0.83-ஆல் வகுத்தால் எக்ஸ் 5,638 கிலோ சொச்சம். சிப்பமாக, 141-க்குக் கொஞ்சம் குறைவு. வந்தது 140 சிப்பமும் 20 கிலோவும், அதாவது 5,620. வித்தியாசம் 18 கிலோ. அத்தனை நாள் களத்தில் கிடந்த நெல்லில் சிந்தியது, குருவி தின்றது, தூற்றும்போது போனது எல்லாம் சேர்த்து 18 கிலோதான் என்றால் பெரியவருக்குப் பரிசே கொடுக்கலாம்.

“எக்ஸு வந்து ரெண்டு சிப்பத்தை அள்ளிக்கிட்டுப் போச்சாக்கும்” என்றார் அண்ணன். நோட்டைப் பார்க்கவே இல்லை. படிச்சவ ஏதோ எழுதுறா என்ற முகம்.

வேறு பக்கமாக வந்தேன். “சரிண்ணே, நீங்க சொல்ற மாதிரி 142½ சிப்பமே இருந்துச்சுன்னு வச்சுக்குவோம். 5,700 கிலோ. அதுல உடம்பு 4,680. அப்ப தண்ணி 1,020. 5,700-க்கு 1,020 எத்தனை பர்சண்ட்டு?” கால்குலேட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். 17.89 என்று காட்டியது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “பதினெட்டுன்னா திருப்பியிருப்பாங்களே” என்றார்.

சமன்பாட்டில் மடங்காதவர் ஈரமிஷினில் மடங்கினார். 142½ சிப்பம் இருந்திருந்தால் நெல் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், எடுத்திருக்கவே மாட்டார்கள். எடுத்தார்கள் என்பதாலேயே அது 141-தான். கூலியை அப்போதே எண்ணிக் கொடுத்தார். மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் இல்லை, அப்படிப் பேசுகிற ஆள் கிடையாது. பெரியவரும் ஒன்றும் பேசாமல் வாங்கி எண்ணிப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டார். அண்ணிதான் உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி கொண்டு வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணனே ஒன்றைக் கண்டுபிடித்தார். “ஏ பாப்பா, அப்ப இன்னும் ஒரு நாள் காயவச்சு 15-க்குக் கொண்டு போயிருந்தா?” போட்டோம். 4,680-ஐ 0.85-ஆல் வகுத்தால் 5,506 கிலோ. 17-இல் நிறுத்தியதைவிட 132 கிலோ குறைவு, மூன்று சிப்பத்துக்கு மேல். விலை அதேதான். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து நன்றாக உலர்த்திக் கொண்டு போகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்! மூவாயிரம் ரூபாயை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அன்றைக்கு அண்ணனுக்குக் காணாமல் போன இரண்டு சிப்பத்தைவிட இந்தக் காணாமல் போகாத மூன்று சிப்பம்தான் பெரிய சேதியாக இருந்தது.

இதை வகுப்பில் சொன்னேன். சார் பெயர், ஊர் எல்லாம் நீக்கிவிட்டுப் பலகையில் கணக்காகப் போட்டார். பாதிப் பேர் 142½ என்றார்கள், ராணுவத்துக்காரர் உட்பட. திருபுவனத்து அக்கா மட்டும் ஒன்றும் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “கச்சாப் பட்டுலேருந்து பசையை எடுத்தா கால்வாசி எடை போயிடும் சார். சாயம் போட்ட பிறகு ஒரு கிலோ வேணும்னா ஒண்ணேகால் கிலோ கொடுத்தா போதும்னுதான் நாங்க நெனப்போம், எப்பவும் பத்தாமப் போவும். அது இதுதானா?” அதுவேதான். கால்வாசி போவது கச்சாப் பட்டில், கடைசியில் வருகிற ஒரு கிலோவில் இல்லை. 0.75 × எக்ஸ் = 1. எக்ஸ் 1 கிலோ 333 கிராம். சாயத்தின் எடையைக் கணக்கில் எடுக்காமல் சொல்கிறேன். அவர் வீட்டில் ஒவ்வொரு முறையும் குறைவாகக் கொடுத்த அந்த 83 கிராம் கச்சாப் பட்டுக்கு சாயக்காரர் எத்தனை வருஷம் பேச்சு வாங்கினாரோ.

எல்லாமே இப்படி இனிப்பாக இல்லை. காரணிப்படுத்துதல் எனக்கு ஒட்டவே இல்லை. எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் 12, கூட்டினால் 7 என்று தேடுவது ஏதோ ரேழியில் சாவியைத் துழாவுகிற மாதிரி இருக்கிறது. இதுவரை கடையில் ஒருவரும் எக்ஸ் ஸ்கொயர் கேட்டு வரவில்லை. சாரிடம் இதைச் சொன்னதற்கு, “ஒரு மா நிலம் சதுரமா இருந்தா பக்கம் எத்தனை அடி?” என்றார். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 14,400 சதுர அடி, பக்கம் 120 அடி. “இதுதான் இருபடிச் சமன்பாடு. இன்னொரு விடையும் இருக்கு, மைனஸ் 120” என்றார். மைனஸ் நூற்றிருபது அடி நிலத்தை யார் கிரயம் பண்ணுவார் என்று கேட்டேன். சரியான கேள்வி, ஆனா பரீட்சையில அதையும் எழுதணும் என்றார். சம்பா மேலுரத்துக்குக் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில்தான் பரீட்சையும் வருகிறது, பார்ப்போம்.

அண்ணன் மூலமாகச் சேதி பரவி, இப்போது நெல்லை வைத்துக்கொண்டு சிலர் கடைக்கு போன் செய்கிறார்கள். அவர்களுக்காகப் போட்டு வைத்ததை இங்கேயும் தருகிறேன். எடையை, நூறிலிருந்து ஈரத்தைக் கழித்து வருகிற எண்ணால் பெருக்கி, 83-ஆல் வகுத்தால் 17-க்குக் காய்ந்த பிறகு என்ன தேறும் என்று வந்துவிடும். 100 சிப்பத்துக்கு ஈரம் 18 என்றால் 98.8 சிப்பம், 19 என்றால் 97.6, 20 என்றால் 96.4, 21 என்றால் 95.2, 22 என்றால் 94. சிந்தினது சிதறினது இதில் சேராது.

இதைப் பெரிதாக எழுதிக் கடைச் சுவரில் ஒட்டலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். “உரக்கடைல நெல்லுக் கணக்கு எதுக்கு?” என்றார். அதனால் போன வருஷக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி, கல்லா மேஜையில் என் பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு மட்டும் திருப்பிக் காட்டுவேன்.